செவ்வாய்க்கிழமை வைத்த சோறு

அத்தியாயம் பதினொன்று

ஷர்மினியின் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமையைப் பிடித்த ஆள் ஒருத்தர் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம். திங்கட்கிழமைக்காவது தேய்த்த சீருடையின் மிடுக்கு இருக்கும். வியாழன் வந்துவிட்டால் வார இறுதி தலையை நீட்டிவிடும். புதன் நடுவில் மாட்டிக்கொண்ட நாள். பாடம் முடிந்து மணி அடித்தாலும் வீட்டுக்கு விடமாட்டார்கள். உச்சி வெயிலில் கோகோ இருக்கிறது. புறப்பாட நடவடிக்கை என்று அறிவிப்புப் பலகையில் அழகாக எழுதியிருப்பார்கள். கேடட் அணிவகுப்பு, விளையாட்டு, சங்கக் கூட்டம் எல்லாம் சேர்த்துப் பிள்ளைகளுக்கு அது கோகோதான்.

போன வருஷம் வரைக்கும் இந்தத் தொல்லை செவ்வாய்க்கிழமையில் இருந்தது. அப்போது ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம். இந்த வருஷம் விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். வாரத்தின் நடுவும் ஒரு நாள் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. சிகாமட் ஊர் முழுக்கக் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிப்போனது. ஷர்மினியின் அம்மா புஷ்பவள்ளிக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"வாரம் மாறிப்போச்சுன்னு அக்காகிட்ட யாரு சொன்னது?"

ஷர்மினியின் அக்கா தேன்மொழி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

வாராவாரம் கூடவே வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேன்மொழி பதினாறு வயதில் படிவம் நான்கு படித்துக்கொண்டிருந்தாள். மழையே எட்டிப் பார்க்காத ஒரு மாதத்தில், செவ்வாய்க்கிழமை மத்தியானம், கேடட் அணிவகுப்புக் கவாத்து நடக்கும்போது மைதானத்தில் சரிந்து விழுந்தாள். டாக்டர் இதயம் என்றார், பிறவிக் கோளாறு, யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றார். புஷ்பவள்ளி காதில் அதெல்லாம் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த புத்தகப்பை கனத்தது. திறந்தால், காலையில் கட்டிக்கொடுத்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, டப்பாவில் அப்படியே இருந்தது. பிள்ளை பசியோடு போய்விட்டது. அன்றிலிருந்து அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த முதல் கோகோ நாளில் புஷ்பவள்ளி வழக்கம்போல இரண்டு டப்பா கட்டினாள். கைப்பழக்கமா, இல்லை மனசா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அப்போது ஷர்மினி படிவம் இரண்டு. இரண்டாவது டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுபோக மனம் வராமல் மைதானத்து மரத்தடியில் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டாள். காலி டப்பாவைப் பார்த்த அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். "சாப்பிட்டிருக்கா" என்றாள். ஷர்மினி வாயைத் திறக்கவில்லை. அன்று மூடிய வாய் மூடியபடியே இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு கோகோ நாளும் இரண்டு டப்பா போனது, இரண்டும் காலியாக வந்தது. ஷர்மினியின் உயிர்த்தோழி விசாலிக்கு அந்த நாசி லெமாக் என்றால் உயிர். வாரத்தின் நடுவைத் தாண்ட ஒருத்தி நூலகத்தில் தூங்குவாள், ஒருத்தி வயிற்றுவலி என்று படுப்பாள், விசாலி கூட்டம் சோற்று டப்பாவை நம்பித் தாண்டியது. அது யாருக்குக் கட்டிய சோறு என்று அவர்களுக்குத் தெரியாது.

போன வாரம்தான் எல்லாம் கலைந்தது. அப்பா மனோகரனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனி ஞாயிறுக்கு மட்டும் சிகாமட் வருவார். கூட வேலை செய்யும் செல்லப்பன் அதே பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார். வேண்டுமென்றால் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றிருக்கிறார். மனோகரன் ஆசையாக வந்து சொன்னார். புஷ்பவள்ளி முகத்தில் அடித்தமாதிரி முடியாது என்றாள். குடும்பத்தோடு போய்விட்டால் தேன்மொழிக்கு யார் சோறு கொண்டுபோவார்கள் என்று கேட்டாள்.

போதாக்குறைக்கு அவளுக்கு ஒரு கனவு. கேடட் உடுப்போடு தேன்மொழி மைதானத்தில் தனியாக நிற்கிறாள். யாரையும் காணோமேம்மா என்கிறாள். விழித்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைக்குத் தெரிந்த கோகோ நாள் செவ்வாய்க்கிழமை. அவள் செவ்வாய்க்கிழமை வந்து நிற்கிறாள், நாம் புதன்கிழமை சோறு அனுப்புகிறோம். அப்படியானால் புதன்கிழமை டப்பாவைக் காலி செய்தது யார்? அம்மா அதைக் கேட்டபோது ஷர்மினி புத்தகப்பைக்குள் எதையோ தேடினாள்.

கன்னியாய்ப் போனவள் வீட்டுக்குத் தெய்வம். தெய்வத்திடம் உத்தரவு கேட்காமல் வீடு மாறக்கூடாது. மற்ற வீடுகளில் பூப் போட்டுக் கேட்பார்கள். புஷ்பவள்ளி சோற்றை வைத்துக் கேட்பதென்று முடிவு செய்தாள். செவ்வாய்க்கிழமை டப்பாவை மைதானத்து மரத்தடி பெஞ்சில் வைத்துவிட்டு வரவேண்டும், புதன்கிழமை எடுத்து வரவேண்டும். காலியாக இருந்தால் பிள்ளை இங்கேதான் இருக்கிறாள், அம்மா நகரமாட்டாள். சோறு அப்படியே இருந்தால் அவள் போய்விட்டாள், நாமும் போகலாம்.

மனோகரன் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் ஷர்மினிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் எதுவும் செய்யவேண்டியதில்லை. வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சோறு அங்கேயே கிடந்து ஊசிப்போகும், அம்மா அழுவாள், பிறகு பெர்மாஸ் ஜெயாவுக்குப் போய்விடலாம். செத்துப்போன அக்காவின் தங்கச்சி என்று யாருக்கும் தெரியாத ஒரு பள்ளிக்கூடத்தில் போய் உட்காரலாம். அவளுக்கு அந்த ஆசை பசிமாதிரி இருந்தது.

நேற்று, செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டதும் டப்பாவைப் பெஞ்சில் வைத்தாள். மூடியை இறுக்கி அழுத்தினாள். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

இனி புதன்கிழமைக்கு வருவோம்.

காலையில் புஷ்பவள்ளி ஒரே ஒரு டப்பாவை நீட்டினாள். அது ஷர்மினிக்கு. உள்ளே அதே நாசி லெமாக். கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் என்பதால் அவளும் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா லீவு சொல்லிட்டு சாயங்காலம் வர்றாங்களாம். டப்பாவ அங்கேயே தொறந்து பாக்காத. வீட்டுக்குக் கொண்டா, நான் தொறக்கறேன்."

"சரிம்மா."

"சத்தியமா?"

ஷர்மினி தலையை மட்டும் ஆட்டினாள்.

வகுப்பில் அன்று என்ன நடந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. வேதியியல் ஆசிரியை மோல் கணக்குப் போட்டார். வரலாற்றுப் பாடத்தில் பின்வரிசை முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. ஓய்வு நேரத்தில் விசாலி மைலோ ஐஸ் பொட்டலத்தை உறிஞ்சிக்கொண்டே, இன்னைக்கு அம்மா எத்தனை டப்பா என்று கேட்டாள். ஒன்றுதான் என்றதும் முகம் தொங்கிவிட்டது.

"அலமாக், அப்ப நான் இன்னைக்கு எப்படிலா உயிரோட இருக்கறது?"

வேறொரு நாளாக இருந்தால் ஷர்மினி சிரித்திருப்பாள்.

மணி அடித்ததும் கேண்டீன் பக்கம் எல்லோரும் ஓட, அவள் மட்டும் மைதானத்துக்குப் போனாள். வெயில் புல்லைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. அங்சானா மரத்தின் மஞ்சள் பூக்கள் பெஞ்சு முழுக்க உதிர்ந்து கிடந்தன. டப்பா அங்கேதான் இருந்தது. ஆனால் அவள் வைத்த மாதிரி இல்லை.

கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மூடி அதன்மேல் சாய்த்து நிறுத்தியிருந்தது, தண்ணீர் வடிவதற்கு.

ஷர்மினி குனிந்து பார்த்தாள். குரங்கு திறக்கும், நாய் திறக்கும். எந்தக் குரங்கு டப்பாவைக் கழுவும்? மைதானத்துக் குழாயில் டப்பாவைக் கழுவி, மூடியை இப்படிச் சாய்த்து வைப்பது தேன்மொழியின் பழக்கம். வீட்டிலும் அப்படித்தான் வைப்பாள். ஈரத்தோடு மூடினால் நாற்றம் அடிக்கும் என்று தங்கச்சியை அதட்டுவாள்.

விசாலியிடம் ஓடிப்போய்க் கேட்டாள். நேற்று எல்லோரும் ஒரே பஸ்ஸில்தானே போனோம், உனக்கு என்ன ஆச்சு என்றாள் விசாலி. பிறகு ஷர்மினி பள்ளி வாசல் கேட்டுக்குப் போனாள். அங்கே காவலுக்கு இருந்த ஜாகா இந்த வருஷம்தான் வேலைக்கு வந்த மலாய்க்காரப் பெரியவர். பிள்ளைகளுக்கு அவர் பாக்சிக், அதாவது மாமா. நேற்று மத்தியானம் மைதானத்தில் யாராவது இருந்தார்களா என்று அவரிடம் மலாயில் கேட்டாள்.

அவர் யோசிக்கவே இல்லை. ஒரு பெண் இருந்தாள் என்றார். கேடட் உடுப்பு, இரட்டைச் சடை. பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வெயிலில் தனியாக நின்றுகொண்டிருந்தாளாம். பாவமாக இருந்தது என்று கிட்டப் போயிருக்கிறார்.

"கோகோ செவ்வாய் இல்லம்மா, இப்ப புதன்கிழமை, நாளைக்கு வான்னு சொன்னேன். சரின்னு தலையாட்டுனா."

முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள் ஷர்மினி. வெயில் கண்ணில் அடித்தது, சரியாகப் பார்க்கவில்லை, உன் உயரம்தான் இருப்பாள் என்றார். கேட் வழியாகப் போனாளா என்றதற்கு அவர் கொஞ்சம் குழம்பினார். போனதைப் பார்த்த ஞாபகம் இல்லையாம்.

வாரம் மாறியதில் இன்னமும் நாள் தெரியாமல் தடுமாறுகிற பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். எவளோ ஒருத்தி தப்பாக உடுப்பு மாட்டிக்கொண்டு வந்திருக்கலாம், பசிக்குக் கிடைத்ததைச் சாப்பிட்டிருக்கலாம். ஷர்மினி அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே பொய்யாகப் பட்டது.

இப்போது என்ன செய்வது? காலி டப்பாவைக் கொண்டுபோனால் அம்மா இந்த ஊரைவிட்டு நகரமாட்டாள். அப்பா சனி ஞாயிறுக்கு விருந்தாளியாகவே வந்து போவார். தான் படிவம் ஐந்து முடிக்கிறவரை டப்பா தூக்க வேண்டும். பொய் சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டியவள், கடைசியில் நேர்மையாக இருக்கலாம் என்று பார்த்தால், அந்தப் பொய்யே எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அக்காமேல்தான்.

"நீ செத்துட்டக்கா" என்று வாய்விட்டே சொன்னாள்.

தன் டப்பாவைத் திறந்தாள். காலையில் அம்மா கட்டிய சோறு, நெத்திலிச் சம்பல், பாதி முட்டை. நேற்று வைத்ததும் இதேதான். அப்படியே அக்காவின் டப்பாவில் கவிழ்த்து, மட்டமாக்கி, மூடியை அழுத்தினாள். தன் காலி டப்பாவைக் கழுவிப் பைக்குள் போட்டாள். 

அப்புறம் கவாத்து; அக்கா மாதிரி அவளும் கேடட்தான். வெறும் வயிற்றோடு ஷர்மினி கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றாள். மலாயில் கட்டளை வந்தது, கால்கள் தரையை மிதித்தன. வெயில் தலையில் இறங்க இறங்க மைதானம் லேசாகச் சாய்கிற மாதிரி இருந்தது. அவளுக்கு வலப்பக்கம் விசாலி. இடப்பக்கம் யாரும் இல்லை, வெறும் புல்தான். ஆனால் இடப்பக்கத்திலிருந்து ஒரு பூட்ஸ் சத்தம் அவள் காலோடு ஒட்டியே வந்தது. அவள் தப்பாக வைத்தபோதும் அது சரியாக வைத்தது. பசி மயக்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைசிவரைக்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. ஜொகூர் பாருவிலிருந்து வெயிலோடு வந்த முகம் கறுத்துக் களைத்திருந்தது. அம்மா குளித்து, தலைமுடியை அள்ளிக் கட்டி, சாமி அறை முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தாள். தேன்மொழியின் படத்துக்குப் புதுப்பூ போட்டிருந்தது.

"கொண்டா" என்றாள்.

ஷர்மினி கொடுத்தாள். கையில் வாங்கியதுமே புஷ்பவள்ளிக்குக் கனம் தெரிந்துவிட்டது. இப்படிக் கனத்த ஒரு டப்பாவை அவள் முன்பும் ஒரு தடவை வாங்கியிருக்கிறாள்.  மூடியைத் திறந்து சோற்றைப் பார்த்தாள். மனோகரன் மெதுவாக மூச்சு விட்டார். நிம்மதியை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"உத்தரவு குடுத்துட்டா புஷ்பா. போலாம்" என்றார்.

புஷ்பவள்ளி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். குனிந்து சோற்றை முகர்ந்தாள். இரண்டு பருக்கையை எடுத்து வாயில் போட்டாள். ஊசவே இல்லை. தேங்காய்ப்பால் ஊற்றிய சோறு இந்த வெயிலில் ஒரு ராத்திரி தாங்காது. அது ஷர்மினிக்கும் தெரியும். மத்தியானம் மரத்தடியில் அது மட்டும் ஞாபகம் வரவில்லை.

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் ஷர்மினி நினைத்தாள்.

"மத்தியானம் நீ என்ன சாப்ட்ட?"

ஷர்மினி தரையைப் பார்த்தாள்.

"வெறும் வயித்தோட கவாத்துக்கு நின்னியா? அந்த வெயில்ல?"

 புஷ்பவள்ளி மகளின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அதே டப்பாவிலிருந்து சோற்றைப் பிசைந்து வாய்க்கு நேரே நீட்டினாள். சம்பல் மடியில் சிந்தியது.

"வாயத் தொற. செத்தவளுக்கு ஊட்டறேன் ஊட்டறேன்னு உயிரோட இருக்கறவள பட்டினி போட்டுட்டேனே. தொற வாய."

ஷர்மினி சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். எத்தனையோ நாளாக அம்மா அவளை இப்படிப் பக்கத்தில் உட்கார வைத்ததில்லை. அந்த ஒரு பிடிச் சோற்றுக்காகத்தான் இத்தனை நாளும் டப்பா தூக்கினாளோ என்று தோன்றியது அவளுக்கு.

"என்னாங்க, செல்லப்பன் அண்ணனுக்குப் போன் போடுங்க" என்றாள் புஷ்பவள்ளி, திரும்பாமலே. "வர்றோம்னு சொல்லுங்க. இவள நான் பாக்கணும்."

மனோகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். வாசலுக்குக்கூடப் போகவில்லை, அங்கேயே நின்று அழுத்தினார். போன் அடிப்பது கேட்டது.

புஷ்பவள்ளி அடுத்த கவளத்தை உருட்டினாள். இப்போது குரல் தணிந்திருந்தது.

"நேத்துச் சோத்தக் கொட்டிட்டியா? சொல்லு, நான் திட்டமாட்டேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பெர்மாஸ் ஜெயாவில் வீடு, புதுப் பள்ளிக்கூடம், அம்மா, அப்பா, எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஷர்மினிக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் வாயில் இருந்தது அம்மா ஊட்டிய சோறு. அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"கொட்டலம்மா. காலியாத்தான் இருந்துச்சு. கழுவி, மூடியச் சாய்ச்சு வச்சிருந்துச்சு."

அம்மாவின் கை பாதியில் நின்றது.

"ஜாகா பாத்தாராம். கேடட் உடுப்புல ஒரு பொண்ணு உக்காந்து சாப்பிட்டுச்சாம். கோகோ இப்ப புதன்கிழமை, நாளைக்கு வான்னு அவருதான் சொன்னாராம். யாரோ தெரியலம்மா. வேற யாராவதா இருக்கும்."

மனோகரனின் போனில் செல்லப்பனின் குரல் வந்துவிட்டது. அண்ணே, வர்றீங்களா இல்லையா, வீட்டுக்காரன் கேக்கறான் என்று அது திரும்பத் திரும்பக் கேட்டது. மனோகரன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புஷ்பவள்ளி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த கவளத்தைப் பார்த்தாள்.

"அப்ப இன்னைக்கு வந்திருப்பாளே" என்றாள். "இன்னைக்கு அவளுக்கு நான் சோறு கட்டலயே."